உடன்படுதலும் ஒரு செயலே

விளையாட்டைக் கண்டு மகிழ்வதில் வினை உண்டோ? எழுபது வயதைக் கடந்த ஆசிரியை ஒருத்தி இவ்வாறு வினவினால், முதுமையின் முணுமுணுப்பு என்று இளையோர் நகைப்பர். ஆனால் இவ்வினாவை எழுப்பியவர் யாமல்லேம். எம் பதினான்கு வயதுப் பெயரன். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று எத்தனையோ வினாக்களுக்கு விடை கூறிய யாம், அன்று உடனே விடை கூற இயலாது அமைதியுற்றோம். அவ்வமைதிக்குப் பின் எழுந்த எண்ணங்களையே ஈண்டு வாசக அன்பர்முன் வைக்கின்றோம்.

நிகழ்ந்தது இது. சென்ற ஆடித் திங்களில் குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருந்தது. தென்காசியில் உள்ள எம் இல்லத்து முற்றம் வரை அதன் ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. யாம் பிறந்தது வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரே எனினும், ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற ஊரும், பணி நிறைவுக்குப் பின் தங்கிவிட்ட ஊரும் தென்காசியே. ஐந்தருவியில் நீராடித் திரும்பும் வழியில் எம் பழைய மாணவி ஒருத்தி, கணவரையும் மகனையும் அழைத்துக்கொண்டு எம்மைக் காண வந்தாள். கணவர் கத்தார் நாட்டில் ஆறாண்டுகள் கம்பி கட்டும் வேலை பார்த்துத் திரும்பியவர். 2022-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கென எழுந்த அரங்கங்களுள் ஒன்றில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது. மகனுக்கு வயது இருபத்தொன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பயிற்சி முடித்தவன்.

2034-ஆம் ஆண்டின் உலகக் கோப்பையை நடத்தும் உரிமை 2024 டிசம்பர் 11 அன்று சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டது. ஐந்து நகரங்களில் 15 அரங்கங்கள் என்பது அந்நாட்டின் திட்டம். அவற்றுள் பெரும்பாலானவை புதிதாக எழுப்பப்பட வேண்டியவை. அங்கே வேலை உண்டு என்று முகவர் ஒருவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். "இவனப் போகச் சொல்லலாமா டீச்சர்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள் மாணவி. அதற்கே வந்திருந்தாள்.

உரையாடலைக் கேட்டிருந்த பெயரன் துள்ளி எழுந்தான். 2022 டிசம்பர் 18 இரவு, அர்ச்சென்டினாவும் பிரான்சும் மும்மூன்று கோல்கள் அடித்துச் சமநிலையில் நின்று, பின்னர் பெனால்டி உதைகளில் அர்ச்சென்டினா 4–2 என வென்ற இறுதியாட்டத்தைக் கண்ணிமையாது கண்டவன் அவன். "நீங்க கட்டின ஸ்டேடியத்துல எந்த மேட்ச் பாத்தீங்க மாமா?" என்று ஆவலோடு வினவினான். "ஒண்ணும் பாக்கல தம்பி. கூரை போடுறதுக்கு முன்னாலயே ஊருக்கு வந்துட்டேன். நான் பாத்ததெல்லாம் கம்பியும் வெயிலும்தான்" என்றார் அவர். பின்னர்ச் சற்றுத் தாழ்ந்த குரலில், தம்மோடு ஓர் அறையில் தங்கியிருந்த முப்பத்திரண்டு வயதுத் தோழர் ஒருநாள் காலையில் உறக்கத்தினின்றும் எழவேயில்லை என்றும், இயற்கை மரணம் என்று சான்று எழுதி உடலை ஊருக்கு அனுப்பிவிட்டனர் என்றும் சொன்னார்.

அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின் பெயரன் எம் அருகில் வந்து அமர்ந்தான். "பாட்டி, அன்னிக்கு நான் கை தட்டினேனே, அதுல எனக்கும் பாவம் உண்டா?"

நம் சமயத்தில் வினை என்பது கையால் செய்வதோடு முடிவதில்லை என்பதை நம் இல்லத்துக் குழந்தைகளும் அறிவர். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரைக் கண்டு உடன்படுதல் என மூவழியாலும் வினை வந்து சேரும். எண்ணுதல், வேண்டுவன கூட்டுதல், தொடங்கிச் செய்தல் என்னும் மூன்று நிலைகளை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், மேற்சொன்ன மூவழியாலும், வெகுளி, செருக்கு, மாயம், பற்று என்னும் நான்கு குற்றங்களாலும் பெருக்கினால் 108 வரும். செபமாலையின் மணிகளுக்கு இவ்வெண்ணையே பெரியோர் காரணம் காட்டுவர். அம்மணிகளுள் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 36, உடன்படுதலுக்கு உரியவை. செய்தவனுக்கு எத்தனை மணிகளோ, உடன்பட்டவனுக்கும் அத்தனை மணிகள். ஆகவே பெயரனின் வினாவைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளிவிட முடியாது.

முதலில், நடந்தது இன்னது என்று நடுநிலையோடு நோக்குவோம். 2010 டிசம்பரில் கத்தாருக்குப் போட்டியை நடத்தும் வாய்ப்புக் கிட்டியது. 8 அரங்கங்களுள் 7 புதியவை. ஒன்று பழையதைப் புதுக்கியது. வழக்கமாகச் சூன், சூலைத் திங்களில் நடைபெறும் போட்டி, அந்நாட்டுக் கோடை ஆட்டக்காரர்க்கு ஆகாது என்பதனால் 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை என மாற்றப்பட்டது. முறையான முடிவே. ஆனால் அதே கோடைகளில்தான் அவ்வரங்கங்கள் வளர்ந்தன. கோடை நண்பகலில் திறந்த வெளியில் வேலை வாங்கலாகாது என்னும் தடை இருந்தது. 2021-இல் அத்தடை சூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை என விரிவாக்கப்பட்டது. அதற்குள் அரங்கப் பணிகளுள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. முதலாளியின் இசைவின்றித் தொழிலாளி வேறு வேலைக்கு மாறலாகாது என்றிருந்த விதி 2020-இல் நீக்கப்பட்டது. 2021 மார்ச்சு முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. நல்லன நடந்ததையும் சொல்லுதல் நம் கடன்.

இறந்தோர் எத்தனை பேர்? அரங்கப் பணியிடங்களில் வேலையால் நேர்ந்த இறப்பு 3, பிற காரணத்தால் நேர்ந்தவை 37 என்றது ஏற்பாட்டுக் குழு. 2022 நவம்பரில் அக்குழுவின் பொதுச் செயலாளர் அசன் அல் தவாதி, போட்டி தொடர்பான பணிகளில் இறந்தோர் 400-க்கும் 500-க்கும் இடைப்பட்டோர் என்று ஒரு நேர்காணலில் கூறினார். பின்னர், அவ்வெண் நாட்டின் எல்லாத் தொழில்களையும் சேர்த்தது என்று குழு விளக்கம் அளித்தது. இளம் வயதினர் பலரின் இறப்புகள் உரிய ஆய்வின்றி இயற்கை மரணம் எனப் பதிவாயின என்று மனித உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டின. இவ்வெண்களுள் எது சரி என்று தீர்ப்பது எம் பணியன்று. எம் நெஞ்சைத் தைப்பது வேறு. அப்போட்டியின் 64 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் எத்தனை என்றால் 172 என்று பெயரன் உடனே சொல்லுவான். உலகில் எவர்க்கும் அதில் ஐயமில்லை. அரங்கம் கட்டி இறந்த உயிர்கள் எத்தனை என்றால் மட்டும் ஆளுக்கோர் எண் சொல்கின்றனர். உயிர்க்கு ஊறு என்பதைத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கும்போது, ஊறு நேர்ந்ததை மட்டும் பாராமல், அதன் பின்னுள்ள கவனமின்மையையே முதலில் வைக்கிறது. எண்ணப்படாத உயிரைக் காட்டிலும் கவனமின்மைக்கு வேறு சான்று வேண்டுமோ?

இது பாலைவன நாட்டின் குற்றம் என்று நாம் விரல் நீட்டவும் இயலாது. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. நேரு விளையாட்டரங்கம் அதற்கெனவே கட்டப்பட்டது. அப்போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் ஈடுபட்ட தொழிலாளர் நிலையை மக்கள் சனநாயக உரிமைக் கழகத்தார் ஆராய்ந்து உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினர். நாட்கூலி ரூ. 9.25 என்று சட்டம் சொல்லியிருந்தது. ஆள்பிடித்துக் கொடுத்த மேஸ்திரிகள் ஒவ்வொருவரிடமும் நாளுக்கு ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டனர். தொழிலாளி கைக்கு வந்தது ரூ. 8.25. பெண்டிர்க்கு 7 ரூபாயே கிடைத்தது என்பதும் முறையீட்டில் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று நீதியரசர் பி. என். பகவதி வழங்கிய தீர்ப்பு, சட்டம் வரையறுத்த கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பே என்று அறிவித்தது. பசியே ஒருவனைக் கட்டும் கயிறாகலாம் என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதே தில்லி அரங்கில்தான் 2017 அக்டோபரில், பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியச் சிறுவர் முதன்முதலாக ஆடினர். கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோல் விழுந்தபோது நாடே மகிழ்ந்தது. அந்த ஒரு ரூபாயை அன்று எவர் நினைத்தார்?

எந்தக் கட்டடத்திலும் தொழிலாளர் துன்பம் உண்டே. விளையாட்டரங்கத்தை மட்டும் ஏன் பிரித்துப் பேச வேண்டும் என அன்பர்கள் வினவலாம். காரணம் மூன்று உண்டு.

ஒன்று, நாள். வீடு ஒரு திங்கள் தாமதித்தால் குடிபுகும் நாளைத் தள்ளிவைக்கலாம். உலகமே கூடும் நாளைத் தள்ளிவைக்க முடியாது. 1956-இல் வினு மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்த சென்னை மாநகராட்சி அரங்கம் இருந்த இடத்தில், 1993-இல் நேரு விளையாட்டரங்கம் 260 நாட்களில் எழுந்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். நேரு கோப்பைக் கால்பந்தும், 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியும் அங்கே நடந்தன. விரைவு குற்றமன்று. ஆயினும் விரைவைப் புகழும் நாம், அவ்விரைவைத் தாங்கிய தோள்கள் யாவருடையவை என்று ஒருமுறையேனும் வினவியதுண்டா?

இரண்டு, இடைநிற்போர். போட்டியை நடத்துவது ஒருவர். பணியை எடுப்பது மற்றொருவர். அதைப் பகுத்து எடுப்பது வேறொருவர். ஆளைக் கொண்டுவருவது இன்னுமொருவர். பழி கீழிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தேய்ந்து மறைகிறது.

மூன்று, பயன் சில நாள். 2014-இல் பிரேசிலின் மனாவ்சு நகரில், அமேசான் காட்டின் நடுவே, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கம் எழுந்தது. உலகக் கோப்பையில் அங்கு நடந்தவை நான்கே ஆட்டங்கள். மலைக்கு அப்பால் கொச்சியிலும், 2017 போட்டிக்காக அரங்கத்தின் அடியில் பிழைப்பு நடத்திய கடைக்காரர்கள் கடைகளைக் காலி செய்ய நேர்ந்தது. அவர்கள் உயர்நீதிமன்றப் படியேறியே இழப்பீட்டுக்கு வழி தேடினர். சில வார விழாவுக்காக ஆண்டுக்கணக்கான வாழ்வை ஒதுக்கச் சொல்லும் துணிவு வேறெந்தக் கட்டடத்துக்கு உண்டு?

கழுகுமலைக்குச் சென்றவர் அறிவர். எட்டாம் நூற்றாண்டையொட்டிய தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உளி பிடித்தவர் பெயரைவிட, அவற்றைச் செய்வித்தவர் பெயரே பெரிதும் காணப்படுகிறது. அவருள் நம்மைப் போலக் கற்பித்த பெண்டிராகிய குரத்தியரும் உண்டு. செய்வித்தவர்க்கே புண்ணியத்தின் பங்கு என்று அக்காலத்தார் கொண்டனர். புண்ணியத்துக்கு அவ்வாறு பெயர் பொறித்துக்கொள்ளும் உலகம், பழிக்கு மட்டும் பெயரற்றுப் போவது என்ன நீதி? இக்கால அரங்கங்களின் திறப்புவிழாக் கல்லில் செய்வித்தோர் பெயர்கள் வரிசையாக உள்ளன. செய்வித்தலின் மறுபக்கமும் அவ்வரிசைக்கே உரியது.

அப்படியாயின் நாம் பார்க்காமலே விட்டுவிட்டால் தீருமா? இங்கேதான் எம் மாணவியின் கணவர் சொன்ன சொல் எம்மைத் தடுத்து நிறுத்தியது. புறப்படும்போது வாயிலில் நின்று அவர் சொன்னார்: "அந்தக் காசுலதாம்மா வீடு கட்டினேன். மக நர்சிங் படிக்கா. அங்க யாருமே போகக்கூடாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க." அரங்கமே எழாதிருந்தால் அவர் வீடும் எழுந்திராது. வெயிலில் நின்றவரே வேலை வேண்டும் என்கிறார். நிழலில் இருக்கும் நாம் வேண்டா என்பது எளிது. அவ்வெளிமை அறமாகாது.

ஆகவே இரண்டைப் பிரித்துக் காணவேண்டும். குற்றாலத்தில் தேனருவி உண்டு; மலைப்பாறைகளில் தேனடைகள் தொங்கும் இடம். நம்மவர் தேன் உண்பதில்லை. அடையைப் பிழிந்தவன் வேறொருவன், உண்பவன் பிழியவில்லை. ஆயினும் நம் முன்னோர் விலக்கினர். ஏனெனில் அடையைக் குலைத்துப் பிழிவதில் உயிர்கள் மடியாமல் போவதில்லை; ஊறு அப்பொருளோடு பிறக்கிறது. அத்தகையதை விலக்குதலே வழி. பந்தாட்டம் அத்தகையதன்று. எம் பள்ளிப் பிள்ளைகள் செம்மண் திடலில் நான்கு கம்புகளை நட்டுப் பந்தாடுவர். எவ்வுயிர்க்கும் அதனால் ஊறில்லை. அரங்கமும் அவ்வாறே. நிழலும் நீரும் ஓய்வும் உரிய கூலியும் கொடுத்து, இறப்பு நேர்ந்தால் காரணம் தேடி, ஊறு குறைத்துக் கட்ட முடியும். ஊறு பந்தோடு பிறந்ததன்று. பற்றும் கவனமின்மையும் கொணர்ந்து சேர்த்தது. அத்தகையதில் பொருளை விலக்குவதைவிட, உடன்பாட்டை விலக்குவதே நம் கடமை.

உடன்பாடு எங்கே இருக்கிறது? கை தட்டுவதில் இல்லை. "எப்படியோ, போட்டி நன்றாக நடந்ததல்லவா" என்னும் சொல்லில் இருக்கிறது. "விரும்பித்தானே போனார்கள்" என்னும் சொல்லில் இருக்கிறது. "எங்கும் நடப்பதுதானே" என்று செய்தித்தாளை மடித்துவைப்பதில் இருக்கிறது. இச்சொற்களை நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம். யாமும் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் விரதம் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது. அது வீட்டுப் பெட்டிக்கு மட்டும் உரியதா, நாட்டுக்கும் உரியதா? 2026-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக்கென அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் 16 நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. புதிதாக அரங்கம் எழுப்பாது, இருப்பனவே புதுக்கப்பட்டன. வறிய நாடுகளுக்கு அவ்வசதி இல்லை என்பது உண்மையே. எனினும் இருப்பது போதும் என்று எண்ணும் வழக்கம் அங்கே ஒரு தொடக்கம். நம் ஊர்ப் பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியபோது, பிற்காலத்தில் அதற்குக் குறை நேர்ந்தால் அதைத் தீர்த்துக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் தாம் வீழ்ந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பாடி வைத்தான். நெடுங்காலம் பிளவுண்டு நின்ற அதன் கோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்தபோது அவ்வணக்கத்துக்கு உரியோர் வந்து சேர்ந்தனர். சமயம் வேறாயினும் கருத்து நமக்கும் பாடமே. கட்டும்போதே, பின்வருவோர் இதைத் தாங்குவரா என்று எண்ணி அஞ்சிய மன்னன் அவன். ஒரு திங்கள் விழாவுக்குப் பேரரங்கம் எழுப்புவோரிடம் அவ்வச்சத்தையே யாம் வேண்டுகின்றோம்.

மாணவியின் மகனுக்கு என்ன சொன்னோம்? போ என்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. "ஒப்பந்தத்தை எம்மிடம் கொண்டு வா, படித்துப் பார்ப்போம்" என்றோம். மறுவாரம் கொண்டுவந்தான். பெயரன் ஆங்கிலத்தில் வரிவரியாகப் படிக்க, யாம் தமிழில் எழுதினோம். மாத ஊதியம் இருந்தது. மிகைநேர வேலைக்குக் கூலி எவ்வளவு என்னும் இடம் வெறுமையாக இருந்தது. கோடையில் வேலை நேரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நோயுற்றால் ஊர் திரும்பும் செலவு யாருடையது என்பதும் இல்லை. முகவரின் பதிவு எண்ணையும் காணோம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வழியே செல்லவேண்டும் என்பதையும், இத்தகைய தொழிலாளர்க்கெனப் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டுத் திட்டம் உள்ளது என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொன்னோம். நான்கு வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் விடை வாங்கி வருமாறு அனுப்பினோம். முகவர் இதுவரை விடை தரவில்லை. வேறு முகவரைத் தேடுகிறான். தாய்க்குச் சற்று வருத்தமே. நாள் கடக்கிறதே என்கிறாள். ஆனால் தந்தை, "நான் போனப்ப இந்தத் தாள் என் கையில இருந்திருக்கணும்" என்றாராம்.

இவ்விதழைப் படிக்கும் இல்லங்களுள் வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத இல்லம் அரிது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் கணினிக்கு முன் அமர்வோர். கம்பி கட்டுவோர் அல்லர். அதனாலேயே நம் கடமை மிகுகிறது. நம் தெருவில், நம் பழைய மாணவர் இல்லத்தில், நம் நிலத்தில் வேலை செய்வோர் குடும்பத்தில், வெளிநாடு புறப்படும் இளைஞன் ஒருவன் இருப்பான். அவன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு மணி நேரம் போதும். எழுத்தறிவு நமக்கு வாய்த்தது அதற்காகவும்தான்.

பெயரனுக்கு யாம் கூறிய விடை இதுவே: "கை தட்டியதில் குற்றமில்லை, கண்ணே. மாமா சொன்னதைக் கேட்டாய் அல்லவா? கேட்ட பின்பும் கேளாதவன் போல இருந்தால்தான் குற்றம்." அவன் சிறிது நேரம் எண்ணமிட்டான். பின்பு, "அந்த அண்ணன் அடுத்த ஒப்பந்தம் கொண்டுவந்தா நானே படிக்கிறேன் பாட்டி" என்றான்.